பதினோராம் துண்டு

பத்தொன்பது துண்டுகள்.
காசு ஐந்துக்குத்தான் இருக்கிறது.
அல் தைதுக்குக் கிழக்கே
சாலைகள் கூறுபோட்டது போக மிஞ்சிய மரக்கூட்டங்கள்.
என் வேலை அவற்றுக்கு மதிப்பெண் போடுவது:
பரப்பு, மரங்களின் வயது,
ஒட்டகம் மேய்கிறதா, வேலி யாருடையது.

நான்காம் துண்டு முதலிடம்.
இருநூற்றுப் பன்னிரண்டு மரம், நடுவில் ஒரு விடுதி,
பொழுது சாய்ந்தால் கிளைதோறும் மஞ்சள் விளக்கு,
நிழலைச் சுற்றிக் காட்ட விருந்தாளிகளுக்கு ஒரு பேட்டரி வண்டி.
கடைசியில் பதினொன்று.
இரண்டரை மரம்.
அரை என்பது மின்கம்பிக்காக வெட்டியது போக நிற்பது.
நூற்றுக்கு ஒன்பது.
பள்ளிக்கூடமாக இருந்தால்
அப்பாவைக் கூட்டிவரச் சொல்லியிருப்பார்கள்.

காஃப் என்கிறார்கள் இங்கே. நமக்கு வன்னி.
வனவாசம் போனவர்கள் ஆயுதங்களை ஒளித்துவைத்த மரம்.
இங்கே அது எதை ஒளித்திருக்கிறது என்று தெரிய
எனக்கு ஏழு வாரம் ஆனது.

கழுத்துப்பட்டை மாட்டிய மணல்மான் ஒன்று.
பெயர் கிடையாது, முப்பத்தாறு என்ற எண்தான்.
நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை
வானத்துக்கு ஒரு புள்ளி அனுப்பும்.
ஏழாம் துண்டிலிருந்து கிளம்பும், பதினான்குக்குப் போகும்.
நடுவில் ஒரு கல்குவாரி,
ஆறுவழிச் சாலை,
அதற்கு அடியில் வருஷத்தில் ஒருநாள் மட்டும்
வேலை இருக்கிற மழைநீர்க் குழாய்.
குவாரி லாரிகள் ஓய்வது இரவில் இரண்டே மணி நேரம்.
ஒரே ராத்திரியில் ஆகாது.
ஆக, ஒவ்வொரு பயணத்திலும்
பகல் முழுக்கப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக்
குவிந்து கிடப்பது
அந்த இரண்டரை மரத்தில்.

வரைபடத்தில் பதினொன்றை அழித்துப் பார்த்தேன்.
கோடுகள் கொஞ்சம் யோசித்தன.
பிறகு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பத்து.
நடுவில் ஒன்றுமில்லை.
நான்கை அழித்தேன்.
ஒரு கோடு மட்டும் லேசாக வளைந்து போனது.

மீர்தாத் ஜீப்பை மணலில் இறக்கி நிறுத்தினான்.
இதுக்கா இவ்வளவு தூரம், என்றான்,
எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான அரைகுறை இந்தியில்.
மரத்தடியில் காகிதக் குவளைகள், லாரி டயரின் தோல்.
மணலில் ஒரு வயிறு அளவுக்குக் குழி.
கையை வைத்தேன். சுட்டது.
மானின் சூடா, ஜூன் மாதத்தின் சூடா,
சொல்லும் கருவி என்னிடம் இல்லை.
வேலியின் கீழ்க்கம்பியில் நாலைந்து முடி.
மீர்தாத் மண்டியிட்டு மோந்து பார்த்தான்.
ஒவ்வொரு தடவையும் இங்கேதான் குனிகிறாள், என்றான்.

அறிக்கையில் குனிகிறாள் என்று எழுத முடியாது.
எழுதினேன்:
கீழ்க்கம்பியை ஒன்றரை அடி உயர்த்தவும்.
செலவு ஒரு குறடு, ஒரு மதியம்.
மிச்சமுள்ள அரை மரத்தை மின்வாரியம் தொடாதிருக்கட்டும்.
ஐந்தில் ஒன்று பதினொன்று.
நான்கு வேண்டாம்,
அதைப் பார்த்துக்கொள்ள விடுதி இருக்கிறது.

புதன்கிழமைக் கூட்டத்தில் ரொவேனா கேட்டாள்:
ஒன்பது மதிப்பெண் எப்படி முதல் ஐந்தில் வந்தது,
கூட்டலில் தப்பா?
கூட்டல் சரி, என்றேன். கேள்வி தப்பு.
எவ்வளவு பெரியது என்றுதான் கேட்டிருந்தோம்.
அது இல்லாவிட்டால் என்று கேட்கவேயில்லை.
அவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு
விடுதியிலிருந்து வந்த கடிதத்தைத் திரும்பப் படித்தாள்.
முடிவு அடுத்த வாரம் என்றார்கள்.
அடுத்த வாரமும் அதையே சொன்னார்கள்.

இன்று விடியற்காலை மூன்று பத்துக்கு வந்த புள்ளி
குழாயின் இந்தப் பக்கம்.
அடுத்தது ஏழு பத்துக்கு.
டீ ஆறிக்கொண்டிருக்கிறது.
மீர்தாத் குரல்செய்தி அனுப்பியிருக்கிறான்,
பின்னால் ஜீப் உறுமும் சத்தத்தோடு:
குறடு வண்டியிலேயேதான் கிடக்கிறது.
அவர்கள் முடிவு பண்ணும் வரைக்கும்
அவளைக் குனியச் சொல்லணுமா?